புள்ளி கூடிய மான்குட்டி

நாவல்காட்டுக் குட்டையில் தண்ணீர் அசையாமல் கிடந்தால் போதும், புள்ளிமான் முத்தழகி அந்தப் பக்கம் வந்துவிடுவாள். தண்ணீர் குடிக்கத்தான் வருகிறேன் என்பாள். ஆனால் குனிந்த தலை நிமிர வெகு நேரம் ஆகும். இப்படித் திரும்பிப் பார்ப்பாள், அப்படித் திரும்பிப் பார்ப்பாள். முதுகிலும் விலாவிலும் பால் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அவளுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. பெருமைப்படக் கூடாதா என்ன? தாராளமாகப் படலாம். அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்தக் கதை.

முத்தழகிக்கு ஒரே குட்டி. பெயர் துள்ளுமணி. நிற்கச் சொன்ன இடத்தில் அது ஒருநாளும் நின்றது கிடையாது.

குட்டைக்கரை நாவல்மரத்தில் கருமுகி என்றொரு மந்தி குடியிருந்தாள். முத்தழகிக்கு அவள் உயிர்த்தோழி. மேலே இருந்து கருமுகி இலையும் பழமும் உதிர்ப்பாள், கீழே நின்று முத்தழகி தின்பாள். சும்மா வாங்கித் தின்றாள் என்று நினைத்துவிடாதீர்கள். மானுக்கும் மந்திக்கும் காட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. மந்திக்குக் கண் கூர்மை, மானுக்கு மூக்கு கூர்மை. தூரத்தில் சிறுத்தையின் தலை தெரிந்தால் மந்தி கத்தும். புதருக்குள் பதுங்கி வந்தால் மான் மோப்பம் பிடித்துக் குரல் கொடுக்கும். "நீ என் கண்ணு, நான் உன் மூக்கு" என்று இரண்டு பேரும் அடிக்கடி சொல்லிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த கையோடு கருமுகிக்கு ஓர் ஆண்குட்டி பிறந்தது. இதற்கு முன் பிறந்தது எதுவும் அவளுக்குத் தங்கவில்லை. ஒன்று அடைமழையில் போய்விட்டது. ஒன்றைப் பருந்து கொண்டுபோய்விட்டது. அதனால் இந்தக் குட்டி பிறந்ததும் காடே திரண்டு வந்து பார்த்துவிட்டுப் போனது. கொழுந்து என்று பேர் வைத்தார்கள். கொஞ்சூண்டு முகம், அதைவிடப் பெரிதாக இரண்டு காது. முத்தழகியின் முதுகில் இறக்கிவிட்டால் புள்ளிகளைப் பிடுங்கித் தின்னப் பார்க்கும். அவளுக்குப் பூரிப்பு தாங்காது. "பார்த்தியாடி, உன் பிள்ளைக்கே என் புள்ளிமேல ஆசை" என்பாள்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோது வால்காக்கை ஒரு சேதி கொண்டுவந்தது. ஆற்றுக்கு அக்கரையில் புள்ளிக் காய்ச்சல் பரவுகிறதாம். அந்தக் காய்ச்சல் வந்தால் உடம்பு கொதிக்கும். மயிருக்கு அடியில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி எழும்பும். பெரியவர்கள் படுத்து எழுந்துவிடுவார்கள். குட்டிகள் பாடுதான் திண்டாட்டம், மூச்சு முட்டிப் போகும். அக்கரையில் சில குட்டிகள் போயே போய்விட்டன என்று வால்காக்கை சொன்னது. அது எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், ஆனால் அன்றைக்குக் குறைத்துத்தான் சொல்லியிருந்தது.

மறுநாளே முள்ளாயி வந்து குட்டைக்கரையில் உட்கார்ந்துவிட்டாள். முள்ளாயி ஒரு முள்ளம்பன்றி. காட்டுக்கு அவள்தான் தடுப்புக்குத்து போடுகிறவள். அவள் முறை இதுதான்: காட்டெருமைகளுக்கு இந்தக் காய்ச்சல் லேசாக வந்து போகும். மடியில் இரண்டு கொப்புளம், அதோடு சரி. அந்தக் கொப்புளத்து நீரைத் தன் முள் நுனியில் தொட்டு, காதோரமாக ஒரு குத்து. குத்திய இடம் வீங்கும், உடம்பு ஒருநாள் கதகதவென்று இருக்கும், அப்புறம் சரியாகிவிடும். அதற்குப் பிறகு புள்ளிக் காய்ச்சல் கிட்டே வராது. ஒருத்தருக்குக் குத்திய முள்ளை இன்னொருத்தருக்குக் குத்த மாட்டாள், அங்கேயே பிடுங்கி எறிந்துவிடுவாள். அவளிடம் முள்ளுக்கா பஞ்சம்!

ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருந்தாள். பல் முளைக்காத பச்சைக்குட்டிகளுக்குக் குத்த மாட்டாள். அந்த உடம்பு அதைத் தாங்காது.

அன்றைக்குக் குட்டைக்கரை திருவிழாவாகிவிட்டது. யானைக்குட்டி அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அம்மா யானையோ ஒரு சின்னப் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, இதோ வருகிறேன், இதோ வருகிறேன் என்று பாதிக் காலையைக் கழித்துவிட்டது. பாம்புக்குக் காது எங்கே இருக்கிறது என்று முள்ளாயி தேடித் தேடிப் பார்த்தாள், கடைசியில் நீயே ஓர் இடம் காட்டு சாமி என்று விட்டுவிட்டாள். மயில் தன் தோகையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, ஓர் இறகு வளைந்தாலும் பேச்சுவார்த்தை கிடையாது என்றது. கருமுகி மரத்திலிருந்து இறங்கிவந்து குத்திக்கொண்டாள். கொழுந்து அவள் மடியில் கிடந்து வாய் நிறைய ஈறைக் காட்டிச் சிரித்தது. "இன்னும் பல்லு வரலையா ராசா? வந்ததும் நானே வரேன்" என்று முள்ளாயி அதன் தலையைத் தடவிவிட்டாள்.

முத்தழகியும் வந்திருந்தாள். வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். துள்ளுமணியைக் கூப்பிடு என்று முள்ளாயி சொன்னதும் அவள் மெல்லச் சிரித்தாள்.

"எங்களுக்கு எதுக்குக்கா? இது புள்ளிக் காய்ச்சல். புள்ளி இல்லாதவங்களுக்குத்தானே புதுசாப் புள்ளி வரும்? எங்களுக்குப் பிறக்கும்போதே வந்தாச்சு."

முள்ளாயி முள்ளைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பேரு ஒண்ணுங்கிறதால ரெண்டும் ஒண்ணாயிடுமா? அது உன் தோலு. இது நோய்."

"சரி, ஒண்ணு கேக்கறேன். கடமான் வீட்டுல ஒருத்தர் விடாம எல்லாரும் குத்திக்கிறாங்க. அவங்க உடம்புல ஒரு புள்ளியாவது இருக்கா? குத்திக் குத்தியே எல்லாம் அழிஞ்சு போச்சு."

வரிசையில் நின்ற கிழக் கடமானுக்கு இதைக் கேட்டு வாயில் இருந்த புல் விழுந்துவிட்டது. எங்கள் பரம்பரைக்கே புள்ளி கிடையாதம்மா, எங்கள் முப்பாட்டனுக்கும் கிடையாது என்றது. அவங்களும் குத்தியிருப்பாங்க என்றாள் முத்தழகி. கடமான் தன் குத்தை வாங்கிக்கொண்டு காதைத் தேய்த்தபடி போய்விட்டது. முள்ளாயிக்கு இன்னும் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். வேண்டாம் என்கிறவளைப் பிடித்து முள்ளைப் பாய்ச்ச மாட்டேன், ஆனால் காய்ச்சல் உன்னிடம் கேட்டுவிட்டு வராது என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

எல்லாரும் போன பிறகு கருமுகி கிளையைப் பிடித்துத் தாழ இறங்கிவந்தாள். தோழியிடம் இப்படியொரு விஷயம் கேட்க அவளுக்குத் தயக்கமாக இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"கொழுந்துக்கு இன்னும் குத்த முடியாதுன்னு உனக்கே தெரியும். சுத்தி இருக்கிறவங்க குத்திக்கிறதுதான் அதுக்குக் காவல். அதோட அதிகமா விளையாடறது உன் பிள்ளைதான், முத்தழகி."

முத்தழகிக்கு ஒரு நொடி என்னமோ போல் இருந்தது. ஆனால் குனிந்தால் குட்டைத் தண்ணீரில் தன் முதுகு தெரிகிறது. இதில் ஒரு புள்ளி போய்விட்டால்? துள்ளுமணி கடமான் குட்டி மாதிரி மொழுமொழுவென்று ஆகிவிட்டால்? நினைக்கவே அவளுக்கு உடம்பு கூசியது. "ஏண்டி பயப்படறே? நான் உன் மூக்கு இல்லையா?" என்றாள். "சிறுத்தை எத்தனை தடவை வந்திருக்கு, ஒரு தடவையாவது விட்டிருக்கேனா? இந்தக் காய்ச்சல் நம்ம காட்டு எல்லையில கால் வெச்சாலே மோந்துடுவேன்."

உண்மைதான், அந்த மூக்கு அதுவரை கருமுகியைக் கைவிட்டதே இல்லை. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு மேலே போனாள். நோய்க்கு ஏது வாடை என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கொஞ்ச நாள் கழிந்தது. துள்ளுமணி ஒருநாள் ஆற்றோரத்து உப்புமண் திட்டுக்கு ஓடிவிட்டது. அங்கே அக்கரையிலிருந்து நீந்திவந்த ஒரு பன்றிக்குட்டி, மூக்கு ஒழுக ஒழுக, உப்புமண்ணை நக்கிக்கொண்டிருந்தது. இதுவும் போய் அதே இடத்தில் நக்கியது. இரண்டும் சேர்ந்து சேற்றில் புரண்டுவிட்டு வீட்டுக்குப் போயின. முத்தழகி குட்டியை மோந்து பார்த்தாள். பன்றி வாடை அடித்தது. போய்க் குளி என்று இரண்டு திட்டு திட்டினாள்.

அதன் பிறகு துள்ளுமணியின் துள்ளல் குறைந்துகொண்டே வந்தது. வளர்கிற பிள்ளை, களைப்பாக இருக்கும் என்று நினைத்தாள் முத்தழகி. உடம்பு சுட்டது. வெயில் என்று நினைத்தாள். பிறகு ஒரு காலையில் குட்டியை நக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது அவள் நாக்கு அப்படியே நின்றது. வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவில் புதிது புதிதாகப் புள்ளிகள். கழுத்தில், விலாவில், தொடையில், எங்கே பார்த்தாலும் புள்ளி.

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் பதறிப்போய் முள்ளாயியைத் தேடி ஓடியிருப்பாள். முத்தழகிக்கோ ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

"அடேயப்பா! எங்க வம்சத்திலேயே இத்தனை புள்ளி யாருக்கும் இல்லையே!"

புதுப் புள்ளிகள் சிவப்பாக இருப்பது அவள் கண்ணுக்கும் தெரிந்தது. தெரிந்தால் என்ன? தளிர் சிவப்பாகத்தானே விடும், அப்புறம் நிறம் மாறும் என்று அவளே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டாள். மனசுக்குப் பிடித்ததை நம்புவதற்குக் காரணமா கிடைக்காது?

அவ்வளவுதான், குட்டியைக் கூட்டிக்கொண்டு காடு முழுக்க ஊர்வலம் போனாள். முயலிடம் காட்டினாள், மயிலிடம் காட்டினாள், கடமான் வீட்டு வாசலில் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நின்றாள். பார்த்தவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள். புள்ளிமான் குட்டிமேல் புள்ளி இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? யானைக்குட்டிமேல் இருந்திருந்தால் காடே கூச்சல் போட்டிருக்கும்.

கடைசியாக நாவல்மரத்தடிக்கு வந்து கருமுகியை இறங்கிவரச் சொன்னாள். கொழுந்தைத் துள்ளுமணியின் முதுகில் உட்காரவைத்தார்கள். புதுப் புள்ளி, பழைய புள்ளி எல்லாவற்றையும் கொழுந்து தடவித் தடவிப் பார்த்தது. துள்ளுமணியின் காதைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. துள்ளுமணி ஓடவில்லை, ஆடவில்லை, நின்றது நின்றபடி இருந்தது. உன் பிள்ளை இன்றைக்கு ரொம்பச் சாது என்றாள் கருமுகி. பொறுப்பு வந்துவிட்டது என்றாள் முத்தழகி.

பொறுப்பு அன்று நண்பகலிலேயே குட்டைக்கரையில் மடங்கி விழுந்தது. தண்ணீர் குடிக்கக் குனிந்த துள்ளுமணிக்குக் கால் நிற்கவில்லை. வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. முத்தழகி போட்ட சத்தத்தில் முள்ளாயி ஓடிவந்தாள். குட்டியின் மயிரை விலக்கிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது.

"இது தோல் இல்லை முத்தழகி. காய்ச்சல். வந்து நாளாச்சு."

யார் யாரெல்லாம் பக்கத்தில் வந்தார்கள் என்று முள்ளாயி கேட்டாள். முயல், மயில், கடமான். எல்லாரும் குத்திக்கொண்டவர்கள், கவலை இல்லை. குத்தாதவர்கள் யாராவது உண்டா? முத்தழகி தலையைத் தூக்கி நாவல்மரத்தைப் பார்த்தாள். முள்ளாயியும் பார்த்தாள்.

நான் போய்ச் சொல்கிறேன் என்று முள்ளாயி எழுந்தாள். முத்தழகி வேண்டாம் என்றாள். தானே போனாள். மரத்துக்குத் தள்ளியே நின்றாள்.

"கருமுகி, கீழ வராதே. என் பிள்ளைக்கு வந்திருக்கிறது புள்ளிக் காய்ச்சல். நான் மோந்து பிடிக்கலை. ஒரு வாடையும் இல்லை அதுக்கு."

கருமுகி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட முத்தழகிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் கொழுந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மரத்தின் உச்சிக்கு ஏறிப் போய்விட்டாள்.

துள்ளுமணி பாடாய்ப் பட்டது. மூச்சு விடும்போதெல்லாம் விலா குழி விழுந்தது. ஆனால் ஓடியாடித் திரிந்த உடம்பு, எப்படியோ சமாளித்துக் கண்ணைத் திறந்தது. அது கண்ணைத் திறந்த அன்றைக்கு, மேலே கொழுந்துக்கு உடம்பு கொதிக்கத் தொடங்கியது.

பச்சைக்குட்டி, என்ன தெம்பு இருக்கும் அதற்கு? பால் குடிக்கவில்லை. அழக்கூட இல்லை. ஈறு தெரியச் சிரித்த வாய் காய்ந்து கிடந்தது. இதற்கு மருந்து இல்லை, உடம்பைக் குளிர வைக்கணும், சொட்டுச் சொட்டாகப் பால் இறங்கணும், அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது என்று முள்ளாயி கீழே இருந்து சொன்னாள். காடு சும்மா இருக்கவில்லை. அம்மா யானை தும்பிக்கை நிறையக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கிளை வரைக்கும் நீட்டினாள். மயில் ஏறி உட்கார்ந்து தோகையால் விசிறியது, இறகு வளைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அணில்கள் ஈர இலைகளைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் மாற்றின. இவர்கள் எல்லாரும் குத்திக்கொண்டவர்கள், அதனால் தைரியமாகப் பக்கத்தில் போக முடிந்தது.

முத்தழகியால் மட்டும் போக முடியவில்லை. அவள் குத்திக்கொள்ளாதவள். உயிர்த்தோழி மேலே பிள்ளையோடு தவிக்கிறாள், இவள் கீழே எட்ட நிற்கிறாள். அந்த வேதனையை என்னவென்று சொல்வது? கருமுகியின் கண் பிள்ளையை விட்டு நகரவில்லை என்பதைக் கவனித்தாள். இனி சிறுத்தை வந்தால் யார் பார்ப்பது? அதன் பிறகு அவள் மேயவில்லை, படுக்கவில்லை. காற்று வரும் திசையில் மூக்கை வைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சிறுத்தை வரவும் செய்தது. புதருக்குள் அது பதுங்குவதற்குள் முத்தழகி குரல் கொடுத்துவிட்டாள். யானை ஒரு பிளிறு பிளிறியதும் அது திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. முத்தழகி அப்படியே நின்று அழுதாள். சிறுத்தைக்கு இருக்கிற வாடை இந்த நோய்க்கு இருந்திருக்கக் கூடாதா என்று அழுதாள்.

பிறகு ஒரு விடியலில், மரத்து உச்சியிலிருந்து சப்புச் சப்பென்று சத்தம் கேட்டது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். கொழுந்து பால் குடிக்கிறது! குடிப்பதோடு அம்மாவின் மீசையையும் பிடித்து இழுக்கிறது!

பிறகு கேட்கவா வேண்டும்? அம்மா யானை குட்டையில் இறங்கித் தண்ணீரை வாரி எல்லார்மேலும் இறைத்தாள். மயில் மிச்சமிருந்த தோகையை விரித்து ஆடியது. ஆமைகூட ஓடியது, அல்லது ஓடியதாகச் சொல்லிக்கொண்டது. துள்ளுமணி எலும்பும் தோலுமாக நின்று ஒரு துள்ளு துள்ளிப் பார்த்து, தடுக்கி விழுந்து, சிரித்தது.

ஒன்றே ஒன்றுதான். கொழுந்தின் இடக் காதில் சத்தம் விழாமல் போய்விட்டது. அந்தப் பக்கம் இலை சலசலத்தால் அது திரும்புவதில்லை. காய்ச்சல் போகும்போது அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

முத்தழகி நேராக முள்ளாயியிடம் போய்க் காதை நீட்டினாள். துள்ளுமணிக்குக் காய்ச்சலே வந்து போய்விட்டது, இனி உனக்குத்தான் என்று முள்ளாயி ஒரு குத்துக் குத்தினாள். காது வீங்கியது, உடம்பு கதகதத்தது. மறுநாள் குட்டையில் எட்டிப் பார்த்தாள். புள்ளியெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தன்மேல் ஆத்திரமும் வந்தது. இதற்காகவா என்று நினைத்துக்கொண்டாள்.

கருமுகி அவளுக்கு இலை உதிர்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் பேசவில்லை, கீழே இறங்கவும் இல்லை. ஏன் பேசவில்லை என்று முத்தழகி கேட்கவும் இல்லை. எந்த வாயால் கேட்பாள்?

ஒருநாள் முள்ளாயி தெற்கு மேட்டிலிருந்து முகம் தொங்கிப்போய்த் திரும்பிவந்தாள். அங்கே ஒரு புள்ளிமான் கூட்டம் இருக்கிறது. ஒருத்தரும் காதை நீட்டவில்லையாம். பக்கத்துப் புதரில் முயலுக்குக் கண் திறக்காத குட்டிகள் கிடக்கின்றன, என்ன ஆகுமோ என்று புலம்பினாள். ஏன் மாட்டேன் என்கிறார்கள் என்று முத்தழகி கேட்டாள். முள்ளாயி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நாவல்காட்டு முத்தழகியே குத்திக்கலையாம். வால்காக்கை வந்து சொல்லிச்சாம்."

முத்தழகி அப்போதே தெற்கு மேட்டுக்கு நடந்தாள். மரத்துக்கு மரம் கிளை அசைந்துகொண்டு யாரோ கூடவே வருவதை அவள் கவனிக்கவில்லை.

தெற்கு மேட்டில் ஒரு வாயாடிப் பெண்மான் அவளுக்கே பாடம் எடுத்தது. இவள் யாரென்று அதற்குத் தெரியாது. புள்ளி இருக்கிறவர்களுக்குப் புள்ளிக் காய்ச்சல் வராது என்றது. கடமானைப் பார், குத்திக் குத்தியே எப்படி மொட்டையாகிவிட்டது என்றது. முத்தழகி சொன்ன அத்தனையும், ஓர் எழுத்துக் குறையாமல் சொன்னது. தன் பேச்சை அடுத்தவள் வாயில் கேட்டபோது அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று முத்தழகிக்கு உறைத்தது. காய்ச்சல் மாதிரியேதான் இதுவும் தன்னிடமிருந்து கிளம்பி வந்திருக்கிறது என்றும் புரிந்தது.

"அந்த முத்தழகி நான்தான்" என்றாள்.

கூட்டம் மேய்வதை நிறுத்தியது.

"நான் சொன்னது தப்பு. என் பிள்ளை செத்துப் பிழைச்சான். அவன்கிட்ட இருந்து என் தோழியோட பச்சைக்குட்டிக்கு ஒட்டிக்கிச்சு. அதுக்கு இப்ப ஒரு காது கேக்காது. என் புள்ளியை நல்லாப் பாருங்க, குத்தின பிறகும் ஒண்ணுகூடக் குறையலை. குறைஞ்சிருந்தாலும் என்னங்க? அந்தக் காதுக்கு ஈடா என் முதுகையே கொடுத்திருப்பேன்."

கடைசியில் அந்த வாயாடி மான்தான் தன் குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு, முள்ளாயி எப்போது திரும்ப வருவாள் என்று கேட்டது.

திரும்பி வரும் வழியில் முத்தழகியின் தலைக்கு மேல் ஒரு கிளை தாழ்ந்தது. கருமுகி இறங்கிவந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சிலிருந்து கொழுந்தைப் பிரித்து எடுத்து, முத்தழகியின் முதுகில் உட்காரவைத்தாள். முத்தழகியால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை.

"நடடி" என்றாள் கருமுகி. "அவன்கிட்டப் பேசணும்னா வலது பக்கமாப் பேசு. அந்தக் காதுதான் கேக்கும்."

நம் குழந்தைக்குப் போடும் தடுப்பூசி நம் குழந்தைக்கு மட்டும் காவல் இல்லை, ஊசி போட வயசு வராத அடுத்த வீட்டுப் பச்சைக்குழந்தைக்கும் அதுதான் காவல்.